காலி என்றான் கெண்டல்

நெப்ராஸ்கா
14 அக்டோபர் 1995, சனி

அன்புள்ள டார்லா,

அலாஸ்காவில் தனியாக வேலை பார்க்கும் உன்னைப் போன்ற நர்ஸுக்கு ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக இரண்டையும் சுடுகிறேன், இருந்தும் சொல்லத் தெரியவில்லை. உன் கணவன் கெண்டலைக் கேள். அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

இன்று துப்பாக்கி கிளப்பில் போட்டி. கெண்டல் தன் புதுப் பிஸ்டலைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். ஹாலிஸ் கிழவரின் ரிவால்வரைப் பார்த்து, "என்ன பெருசு, இன்னும் ஆறு குண்டுதானா? எனக்குப் பதினஞ்சு!" என்றான்.

"பதினஞ்சுல ஒண்ணாவது அட்டையில படுதான்னு பாரு தம்பி" என்றார் அவர், தலை நிமிராமலே.

நான்கு பட்டன. பிஸ்டல் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. இரண்டு முறையும் தோட்டா செய்த கம்பெனியைத் திட்டினான்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது கிளப்பில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. ஹாலிஸ் உருளையைச் சாய்த்துக் காட்டினார். ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிந்தது. கெண்டல் தோட்டாக் கூட்டை மட்டும் உருவிவிட்டு, "காலி" என்று விசையை அழுத்தினான். குழலுக்குள் ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு தோட்டா மேசைப் பலகையைத் துளைத்து, மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்த என் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது.

"பிஸ்டல்ல ஏதோ கோளாறு" என்றான். பிறகு என் கார் வரை வந்து, "அக்கா, டார்லாவுக்கு எழுதிடாதீங்க, சும்மா பயப்படுவா" என்றான். எழுதிவிட்டேன்.

உன் மகள் டெஸ்ஸாவுக்கு ஐந்து வயது. அவன் துப்பாக்கி வைக்கும் இடம் உங்கள் ஃப்ரிட்ஜ் மேல். குழந்தை நாற்காலி போட்டு ஏறப் பழகிவிட்டாள். நீ திரும்பும்வரை அவள் என்னிடம் இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு வரி எழுது. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று அவன் சொன்னபோது நீயும் சிரித்தாய். போகட்டும். இந்த ஒரு தடவை என்னை நம்பு.

அந்தக் குளிரில் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அக்கா,
வெர்னா

ஞாயிறு, மதியம்

இன்று தபால் எடுக்க மாட்டார்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. காலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

கெண்டல் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். "நேத்து சாயங்காலமே பிஸ்டலைக் குடுத்துட்டு ரிவால்வர் வாங்கிட்டேன் அக்கா. இனிமே கோளாறே கிடையாது" என்றான்.

ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து உருளையைத் திறந்தேன். ஆறும் நிரம்பியிருந்தன. ஆறையும் மேசையில் கொட்டிவிட்டு டெஸ்ஸாவுக்குக் கோட்டு மாட்டினேன். "எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டான். கார் கதவைத் திறந்து அவளை உட்காரவைத்தேன்.

இப்போது என் சமையலறையில் பான்கேக் தின்றுகொண்டிருக்கிறாள்.