சைரன் மேடத்தின் காருக்கு அடியில்

ஜூலை 3

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று மாலை என் வலது காதுக்குள் கறுப்புக் கோட்டிங் புகுந்துவிட்டது. அம்மா தலைமையிலான மருத்துவக் குழு எண்ணெய்த் துணியோடு போராடி வருகிறது. அனுதாபச் செய்திகள் வரவேற்கப்படுகின்றன.

போன மாதம் வரை பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச். இப்போது அண்ணன் பட்டறையில், கார்களுக்கு அடியில். நிஜமான அடிமட்டத் தொழிலாளி. தலைமையாசிரியை குரலில் மைக்கில் "இன்று அரை நாள் விடுமுறை" என்று அறிவித்தேன். பள்ளிக்கூடம் காலி. மறுநாள் நானும் காலி. அந்தம்மாவுக்குப் பட்டப்பெயர் சைரன். உபயம்: அடியேன்.

ஜூலை 5

காரை லிஃப்டில் தூக்கு. சேற்றைக் கழுவு. காய வை. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய், வெறும் இரும்பு தெரியும் வரை. சைலன்ஸர், பிரேக் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடு. அப்புறம் துரு பிடிக்காமலிருக்கக் கறுப்புக் கோட்டிங் ஸ்பிரே.

"இம்மி இடம் விட்டாலும் மழைல அங்கதான்டா துரு பிடிக்கும்," என்றான் அண்ணன்.

அங்கேதான் பிடிக்குமா? அப்படியா சேதி!

ஜூலை 11

சைரன் வந்தது. காரோடு. என்னைப் பார்த்து, "ஓ, இங்கதான் இருக்கியா." அவ்வளவுதான். வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்ப்பது போல.

அண்ணன் துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தான். பள்ளிக்கூட வேன்களுக்கெல்லாம் கோட்டிங் அடிக்கிற வேலை கிடைத்தால்தான் பட்டறை நிலைக்குமாம். இல்லாவிட்டால் மூடிவிட்டு, பழைய முதலாளி முன்னால் மறுபடி கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"முதல்ல என் கார்ல பண்ணிக் காட்டுங்க. நாலு மாசம் மழைல ஓடட்டும், பாத்துட்டு சொல்றேன்."

பெட்ரோல் டேங்குக்குப் பின்பக்கம் என் பங்கு. டேப்பைக் கத்தரித்து மூன்று எழுத்து ஒட்டினேன். மேலே ஸ்பிரே. பிறகு டேப்பை உரித்து, அண்ணன் எட்டிப் பார்க்கும் முன் லிஃப்டை இறக்கிவிட்டேன். மீதியை மழை எழுதிக்கொள்ளும். இப்படியொரு கலைஞன் இந்தத் தெருவில் இதற்கு முன் பிறந்ததில்லை.

செப்டம்பர் 20

மழை. மழை. மழை. எழுத்தாளர் மும்முரமாக இருக்கிறார்.

நவம்பர் 6

இன்று திறப்பு விழா! கார் மேலே. சைரன் கீழே. அண்ணன் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டே போனான். "பாருங்க மேடம், ஒரு பொட்டு துரு இருக்கா? இந்தப் பக்கம் பாருங்க—"

டார்ச் நின்றது.

காவி நிறத்தில், என் கையெழுத்தைவிட அழகாக: சைரன்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். "நான்தான் மேடம். நல்லாயிருக்கா?" என்றேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாழ்நாள் சாதனை.

நவம்பர் 8

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்டா, திட்டித் தொலையேன்? ரெண்டு அறை விட்டா என்ன, கை தேய்ஞ்சா போயிடும்? சோறு போட்டா தின்னுட்டு எழுந்து போறான். பெரிய மகான்!

நவம்பர் 19

பட்டறைக்குப் பூட்டு. லிஃப்டை யாரோ வந்து கழற்றிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 27

வேன்கள் பழைய முதலாளியிடம் போய்விட்டன. அண்ணனும்தான். அதே வேன்களுக்கு அடியில் இப்போது அண்ணன், இன்னொருவன் பெயர் போட்ட சட்டையில்.

நவம்பர் 6 அன்று எழுதியது பொய். டைரியிடமே புளுகியிருக்கிறேன். நெஞ்சும் இல்லை, நிமிரலும் இல்லை. டார்ச் நின்றதுமே கோட்டிங் டிரம்முக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன்.

"யார் பண்ணது இது?"

டார்ச்சை அணைக்கிற சத்தம். அப்புறம் அண்ணன் குரல்.

"நான்தான் மேடம். சும்மா விளையாட்டுக்கு..."

"உங்க வீட்ல நீங்க ஒருத்தராவது ஒழுங்குன்னு நெனச்சேன்."

"சாரி மேடம்."

அண்ணனுக்கு நான் அங்கே இருந்தது தெரியாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று சமையலறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ரெண்டு காலும் டிரம்முக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. அந்தம்மா கண்ணுல படக் கூடாதேன்னு நான் மறைச்சிக்கிட்டு நின்னேன். ஒளியக்கூட ஒழுங்கா வரல அவனுக்கு."