எந்த அங்கிள்?

செவ்வாய், இரவு

பதினொன்றாம் வகுப்பில், வீட்டில் நடந்த வேடிக்கை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் கவிதா வாசித்தாள். அங்கிள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாராம். இவள் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு ஒளிந்துகொண்டாளாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு 'குட்' போட்டேன்.

மணியடித்ததும் சும்மாதான் கேட்டேன், "எந்த அங்கிள்மா?"

"மாமா மிஸ். எங்கம்மாவோட தம்பி. ஞாயித்துக்கெழம எனக்குப் பூ வெக்க வராங்க."

பதினாறு வயதுதான் ஆகிறது. மாமா என்று எழுதியிருந்தால் அப்போதே உறைத்திருக்கும். அவள் அம்மாவிடம் பேசலாம். பேசினால், நாளையிலிருந்தே பள்ளிக்கு அனுப்பாமல் விட்டுவிட்டால்? புகார் கொடுத்தால் அவளை என்ன...

போகும்போது அவள் கேட்டாள், "தமாஷா இருந்துச்சுல்ல மிஸ்?"

தலையாட்டினேன்.