டேப் தீர்ந்துபோனதால் பிழைத்த நாற்றுகள்

பாப்பா, பெரிய செய்தி, உட்கார்ந்துகொண்டு படி: உன் அப்பாவின் வேர் வீடியோவை லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள், அதில் நான் சொன்னது முழுக்கத் தப்பு.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன், சளி விட்டதா, அந்த ஆப்பிள் கிடங்கின் குளிருக்கு வாங்கிய கையுறை தாங்குகிறதா. நீ அம்மாவோடு மட்டும் பேசுவதும், நான் போனை வாங்கினால் உடனே உனக்கு வேலை வந்துவிடுவதும் எனக்குப் புரியாமல் இல்லை. மெசேஜில் எழுதலாம்தான், ஆனால் மெசேஜ் என்றால் என் கை தானாகக் கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிடும், அதோடு சொன்னதெல்லாம் விளையாட்டாகிவிடும். காகிதத்தில் அந்தப் பொம்மை கிடையாது. அதனால்தான் கடையிலிருந்து பேனாவை எடுத்துவந்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, பரீட்சையா, பிட்டு கிட்டு வேணுமா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்குத் தெரியும். எரிந்துபோன மோட்டாரின் கம்பியை உரித்துப் புதுசு சுற்றுகிறவன் நான், வார்னிஷ் காயும் நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த அனிமேஷன் வந்தது. நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு பை, அதன் உள்சுவரில் ஒரு மோட்டார், நிஜமாகவே ஒரு பாகம் நிற்க ஒரு பாகம் சுற்றுகிறது, சாப்பாட்டைக் காற்றோடு சேர்த்து எரித்து வருகிற சக்தியில் சுற்றிச் சுற்றி ஏடிபி என்கிற குட்டி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, விரல் அசையவும் நெஞ்சு துடிக்கவும் அந்தச் சார்ஜ்தான். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினேன், மோட்டார் வாங்க வந்த ஆள் மோட்டாரை மறந்துவிட்டுப் போனார். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், ஆனால் ஆட்டம் போடுவதில் அப்பாதான் சின்னப் பிள்ளை என்று அம்மா சொல்வது சும்மா இல்லை. பிறகு நானே சேனல் ஆரம்பித்தேன், பாதி புரிந்ததை முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த வேர் வீடியோவில், எரிக்கிற அடுப்பு என்பது தின்று வாழ்கிற மனுஷனுக்கும் மிருகத்துக்கும்தான், செடிக்கு வெயிலில் ஓடும் பச்சை அடுப்பே போதும், வேர் வெறும் உறிஞ்சுகுழாய், அதற்குத் தண்ணீர் நின்றால் போதும், காற்று எதற்கு என்றேன். "செடிக்கு மூச்சு முட்டுமா மக்களே" என்று கேட்டுச் சிரித்தேன், அந்த இடத்தைத்தான் எல்லோரும் வெட்டி வெட்டிப் பகிர்ந்தார்கள்.

மாடியில் குடியிருக்கும் தையல்கார அக்காவுக்கு மணிக்கட்டு போனதிலிருந்து மிஷின் மூடியே கிடக்கிறது, உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். மொட்டைமாடியில் குழித்தட்டுகளை வரிசையாக அடுக்கி மிளகாய் நாற்றும் தக்காளி நாற்றும் போட்டிருந்தார். செடிக் கடைக்காரம்மா வந்து பார்த்து, இந்த முறை நாற்று நன்றாக இருந்தால் இனி எப்போதும் அக்காவிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தார். மிஷின் போன பிறகு அக்கா கையூன்றி நிற்க அது ஒன்றுதான் இருந்தது. வெயிலில் தட்டு சீக்கிரம் காய்கிறதே, என்ன செய்யலாம் தம்பி என்று என்னைத்தான் கேட்டார், சேனல் நடத்துகிறவன் அல்லவா. நான் கடையில் மோட்டார் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய், தட்டுகளின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன், ஒரு சொட்டு வெளியே போகாதபடி, நம் கைவேலை தெரியுமே. சுவரோரம் இருந்த கடைசி வரிசைக்குப் போகும்போது டேப் தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் அக்கா என்று இறங்கிவந்தேன், அதற்குள் வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது, நாளை மறந்துபோனது.

நீ முதலில் போன் செய்தாய், வேருக்கும் காற்று வேண்டும் அப்பா என்றாய், நான் கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டேன், கூட்டம் ஒன்றும் இல்லை. அப்புறம் நீ வீடியோவின் கீழே வந்து பொறுமையாக எழுதினாய், வேரில் பச்சை கிடையாது, அது இலை அனுப்புகிற சர்க்கரையைக் காற்றோடு எரித்துத்தான் உயிர் வாழ்கிறது என்று. யாருடைய மகள் என்று கூடக் காட்டிக்கொள்ளாமல் மரியாதையாக எழுதியிருந்தாய். அதற்கு நான் போட்ட பதில் உனக்கு மறந்திருக்காது. "காலேஜ் போனவங்க எல்லாம் கமெண்ட்லயே விவசாயம் பண்றாங்கப்பா" என்று போட்டு, நாலு சிரிப்புப் பொம்மை வைத்து, அதையே மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தியும் வைத்தேன். முன்பின் தெரியாதவன் எல்லாம் வந்து என் பெண்ணைக் கிண்டல் செய்ததை நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன் பாப்பா, லைக் ஏறுகிறதே என்று. இதை எழுதும்போது காது சூடாகிறது.

கொஞ்ச நாளில் நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. அக்கா கூப்பிட்டுக் காட்டினார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், தாகம் அக்கா, இன்னும் ஊற்றுங்க என்றேன். வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் முடியாத கையோடு குடம் தூக்கி ஊற்றினார். மறுபடி நான் மேலே போனபோது அவர் ஒரு நாற்றைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார், வேர் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது, சாக்கடை வாடை வந்தது. சுவரோர வரிசை மட்டும் நிமிர்ந்து பச்சையாக நின்றது. அக்கா அந்த வரிசையைப் பார்த்தார், தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கமெண்ட்ல உங்க பொண்ணு பேரப் பாத்தேன், எழுதியிருந்ததப் படிச்சேன் தம்பி, சரியா இருக்குமோன்னு தோணுச்சு, நீங்க சிரிச்சிருந்தீங்க, அதனால நானும் சிரிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் நீ எழுதியதை நிஜமாகப் படித்தேன். மண்ணில் பொடிப்பொடியாக இடைவெளி இருக்கிறது, அதில் காற்று இருக்கிறது, வேர் அந்தக் காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. நான் ஓட்டையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கியதும் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீராகிவிட்டது. வேரின் செல்லுக்குள்ளும் அதே மைட்டோகாண்ட்ரியா, நான் தலையில் தூக்கிவைத்து ஆடினேனே அதே மோட்டார், காற்று இல்லாமல் அது நின்றுபோனது. ஓடும்போது மூச்சு பத்தாமல் நம் கெண்டைக்கால் அரைகுறையாக எரித்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும் இல்லையா, அப்படி வேரும் சமாளித்துப் பார்த்திருக்கிறது, அந்த அரைகுறைச் சார்ஜ் எத்தனை நாள் வரும். சார்ஜ் இல்லாத வேரால் தண்ணீரைக்கூட ஒழுங்காக உள்ளே எடுக்க முடியாதாம். அதாவது கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்தச் செடிகள் தாகத்தில் செத்திருக்கின்றன, நான் மேலும் ஊற்றச் சொன்னேன். இலை வெயிலில் சர்க்கரை சமைப்பது உண்மை, ஆனால் சமைத்ததைச் சாப்பிட இலையும் எரிக்கத்தான் வேண்டும், பகலிலும் ராத்திரியிலும். மாட்டுக்கும் நமக்கும் சமையல் மட்டும்தான் தெரியாது, அடுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். இதில் பெரிய அவமானம் என்ன தெரியுமா, வேலைக்குப் போன புதிதில் நீயே சொன்னாய், பறித்த ஆப்பிளும் மூச்சு விடும் அப்பா, அது சீக்கிரம் மூச்சு விட்டுத் தீர்ந்துபோகாமல் இருக்கத்தான் கிடங்கு அறையில் காற்றைக் குறைத்து வைக்கிறோம், உள்ளே தீக்குச்சி கூடப் பிடிக்காது என்று. என் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் தெரியுமா என்று கடை முழுக்க அதைப் பீற்றிக்கொண்டவன் நான். பீற்றிக்கொள்ளத்தான் கேட்டேன் போல, காதில் வாங்கவில்லை.

இப்போது டேப்பை எல்லாம் உரித்துவிட்டேன். நான் ஒட்டினால் அவ்வளவு சுலபமாக வராது, நகம் இரண்டு போனது, போகட்டும். பாதித் தட்டுகள் போய்விட்டன. சுவரோர வரிசை நன்றாக இருக்கிறது. நடுவில் இரண்டு வரிசை சாகவும் இல்லை பிழைக்கவும் இல்லை, வேர் நுனி மட்டும் பழுப்பாகியிருக்கிறது, அது பிழைத்தால்தான் கடைக்காரம்மா வரும்போது காட்ட அக்காவுக்கு ஏதாவது இருக்கும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் எழுதுவதைப் பார்த்து அம்மா தேதி குறித்து வைக்கச் சொல்கிறாள். என் கிண்டலை அழித்துவிட்டு நீ எழுதியதை மேலே நிறுத்தியிருக்கிறேன். வீடியோவை அழிக்கவில்லை, அழித்தால் பார்த்தவர்கள் வீட்டில் ஓட்டை அடைபட்டபடியே இருக்கும். தப்பு என்று சொல்லிப் புது வீடியோ எடுக்க உட்கார்ந்தேன், மக்களே என்று ஆரம்பித்ததும் வாய் ஒட்டிக்கொள்கிறது, நிறுத்திவிடுகிறேன். நான் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவளிடம் சொல்லாமல் லட்சம் பேரிடம் சொல்வது வராது போலிருக்கிறது.

அதனால் இது கைக்குக் கிடைத்ததும் எனக்காக வேண்டாம், அக்காவின் அந்த இரண்டு வரிசைக்காகப் போன் செய். நேராக அவரிடமே போனைக் கொடுத்துவிடுகிறேன், நடுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அப்புறம் உனக்கு மனசு வந்தால் ஞாயிற்றுக்கிழமை லைவ்வில் வா. மொட்டைமாடியில் அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், செத்த வேரையும் பிழைத்த வேரையும் கையில் பிடித்துக் காட்டுவேன், நீ சொல், நான் கேட்கிறேன், பார்க்கிறவர்களும் கேட்கட்டும். நீ வராவிட்டாலும் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துவிடுவேன், உன்னைக் கிண்டல் செய்தவர்களையும் வரச்சொல்லித்தான் போடப்போகிறேன்.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நல்லபடியாக இருக்கவேண்டும், உன் வேலையில் எல்லோரும் உன் பேச்சைக் கேட்கவேண்டும், உன் அப்பனைப் போல இல்லாமல். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒன்று மட்டும் மறக்காதே பாப்பா, அந்தக் காற்றுக் குறைந்த அறைப் பக்கம் தனியாகப் போகாதே, யார் அவசரப்படுத்தினாலும் காற்றை அளக்கிற மீட்டரைப் பார், வெளியே ஒரு ஆளை நிறுத்திவை. உன் செல்லிலும் அந்த மோட்டார்தான் ஓடுகிறது.

போன் அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுக்கக் காத்திருக்கும்,
அப்பா