உங்கள் பெயரில் வந்த ரத்தம்

இன்று காலை உங்கள் பெயரில் ஒரு குப்பி ரத்தம் வந்தது, சார். நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. பரிசோதனைச் சீட்டில் உங்கள் பெயர், ஆண், வயது எல்லாம் ஒழுங்காக இருந்தன. என்ன நோய், எதற்காகப் பரிசோதனை என்று எழுதவேண்டிய கட்டம் மட்டும் காலி. ஆய்வகத்தில் என் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. எனக்கு அழுகையைவிட அதுதான் சீக்கிரம் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

வார்டுக்குப் போன் போட்டேன். "மேடம், அது நம்ம சர்ஜன் சார் ஒய்ஃப். தலைசுத்தல்னு அட்மிட் ஆகியிருக்காங்க. அட்டை சார் பேர்ல இருக்கு, நம்பரைத் தட்டினா அதுவா அவர் பேர் விழுது. எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதானே" என்றார் புதிதாக வந்த டாக்டர்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லோரும் எல்லோரையும் பிளாக் நம்பரோடு அறிவார்கள். அதனாலேயே யாரும் எதையும் எழுதுவதில்லை. வீட்டுக்கு ஓர் மருத்துவ அட்டை, அட்டைக்கு ஓர் எண், எண்ணுக்கு வீட்டு ஆண்பிள்ளையின் பெயர். நம் ஆஸ்பத்திரியின் இந்த வழக்கத்தால்தான் நாம் இருவரும் முதன்முதலில் முட்டிக்கொண்டோம்.

அந்தக் குறிஞ்சிப்பாடி அம்மாளை நினைவிருக்கிறதா? கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அந்த அம்மாளின் குடல் ஆபரேஷனுக்கு நீங்கள் ரத்தம் கேட்ட சீட்டில், அட்டை எண்ணையும் உங்கள் கிறுக்கலையும் தவிர ஒன்றும் இல்லை. அந்த எண்ணில் எங்களிடம் பதிவாகியிருந்த ரத்த வகை பி. குப்பியில் இருந்ததோ ஓ. ரத்தம் தரமாட்டேன் என்றேன். ஆபரேஷன் தியேட்டர் செருப்போடு இறங்கி வந்தீர்கள்.

"ஏம்மா, ஃபார்ம் நிரப்பலேன்னா ஆள் செத்துருமா?"

"செத்துரும் சார். இது யார் ரத்தம்னு உங்களால சொல்ல முடியுமா?"

பழைய பதிவைப் புரட்டிக் காட்டினேன். பி வகை கணவருடையது. ஹெர்னியாவுக்கு நீங்களே அறுத்த ஆள். நீங்களே மேலே போய் மறுபடி ரத்தம் எடுத்து, பெயர், வயது, காரணம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தீர்கள். "பேரைக் கேட்டா, 'எம் பேரு எதுக்குங்க, அவுரு பேரையே போட்டுக்குங்க'ங்கிறாங்கம்மா" என்று சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு உங்கள் சீட்டு ஒன்றுகூடக் காலியாக வந்ததில்லை. "ஆளைக் கேட்டுட்டு எழுதுங்கய்யா" என்று வார்டே அதிரக் கத்துவீர்கள்.

இன்று நான் சீட்டைப் பார்ப்பதற்குள் மெஷின் ரத்தத்தைப் பார்த்து முடித்திருந்தது. கம்ப்யூட்டர் உங்கள் கடைசி வாரத்து ஹீமோகுளோபினையும் இன்றையதையும் அருகருகே வைத்து, இன்றையதும் குறைவுதான் என்றாலும், ஏறியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருந்தது. செத்தபிறகு தேறிய நோயாளி நீங்கள்தான், சார். அந்த அம்புக்குறியை நம்பினால், உங்கள் வீட்டு அக்காவுக்கு ரத்தம் இறங்கியிருப்பது யார் கண்ணிலும் படாது.

மாடி ஏறினேன். "உங்க பேர்ல புதுசா எடுக்கணும் அக்கா" என்றேன். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அவர் பேர்லயே இருக்கட்டுமேம்மா. காலைல நர்ஸ் வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எத்தனை மாசமாச்சு, யாராவது அந்தப் பேரைக் கூப்பிட்டு!"

ஆனாலும் விடவில்லை. "நான் கூப்பிடுறேன் அக்கா. ரத்தத்துக்கு உங்க பேர்தான்."

கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறதாம். வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது. கூட நின்ற புது டாக்டரிடம் பேனாவை நீட்டினேன். பத்மாவதி, பெண் என்று தொடங்கி, கட்டம் நிறைய எழுதினார்.

நாளை நிர்வாகியைப் பார்க்கப் போகிறேன். ஆளுக்கோர் எண் வேண்டும். அது கிடைக்கும்வரை சொந்தப் பெயரும் காரணமும் இல்லாத சீட்டு எதுவும் என் மேசையைத் தாண்டாது. கத்துகிறவர்கள் கத்தட்டும், நீங்கள் கத்தியதைவிடவா?

உங்கள் பெயர் என்னிடம் இருக்கிறது, சார். அதை இன்னொருவர் ரத்தத்தின்மேல் ஒட்டவிட மாட்டேன்.