எந்த கிளப்பை விடுவது

ஜூலை 9, புதன்

துப்பாக்கி சுடுவதற்கு மூன்று இடத்தில் உறுப்பினராக இருக்கிறேன். மாநிலச் சங்கத்தை விட்டால் போட்டிக்கே போக முடியாது. மற்ற இரண்டு கிளப்புக்கும் ஓட, துறைமுக வேலைக்கு நடுவே நேரமில்லை. நகரத்துப் பெரிய கிளப்பில் ஏசி உண்டு. திருவொற்றியூர் கிளப்பில் மழைக்குக் கூரை ஒழுகும். விலகல் கடிதத்தோடு சாயந்திரம் திருவொற்றியூர் போனேன்.

செயலாளர் அறைக்குள் நுழையும்போது ஒரு கத்தல். மீன் விற்கும் தேசம்மா அக்கா. போன மாதம்தான் சேர்ந்தார். பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, சுட்ட அட்டையோடு ஓடி வந்தார்.

"ஸ்டெல்லா, இங்க பாருமே! நட்ட நடுவுல பூந்துகீது!"

நிஜமாகவே நடு வட்டம், முழுசாகப் பத்துப் புள்ளி. கட்டிப்பிடித்துக்கொண்டார். என் சுடிதாரெல்லாம் வஞ்சிர வாசனை.

"நீதான மூச்ச புடிச்சிகினு அமுக்கச் சொன்ன? நாளிக்கும் வருவல்ல?"

"வர்றேங்க்கா."

கடிதம் கைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரிய கிளப்புக்கு விலகல் மெயில் அனுப்பினேன். ஒழுகும் கூரைக்குக் கீழே பழகி மாநிலப் போட்டியில் என் கதி என்னவோ, தெரியவில்லை. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. நாளைக்கு முதல் வேலையாக அக்காவை நேராக நிற்க வைக்க வேண்டும். இடுப்பில் கூடை சுமப்பவர்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே சுடுகிறார். அந்தப் பத்து எப்படித்தான் விழுந்ததோ!