அம்மா படத்தின் முன் ஒரு ‘தோய்’

அன்புள்ள அப்பா,

நாற்பத்தொன்பதாம் நாள் படையலில், அம்மா படத்தின் முன் அம்மாவைப் பற்றிய என் வலைப்பூக் கட்டுரையைத் தம்பி வாசித்தபோது நீங்கள் பாதியில் எழுந்துவிட்டீர்களாம். “பெத்தவ முன்னாடி ‘தோய்’ங்கறா! இவ யாரு, ஆள் கணக்கெடுக்க வந்தவளா?” என்று கத்தினீர்களாம்.

எனக்கும் கோபம்தான். நம் வியட்நாமிய மொழியில் பெற்றவர்களிடம் பிள்ளை தன்னைக் ‘கோன்’ என்றுதான் சொல்லவேண்டும், ‘தோய்’ வெளியாரிடம் சொல்கிற ‘நான்’ என்று எனக்குத் தெரியாதா? ஹனோயில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கு எழுதியது அது. அவர்களுக்கெல்லாம் நான் பிள்ளையா?

ஆனாலும் நேற்று திருத்த உட்கார்ந்தேன். கடைசிப் பக்கம் கிழிந்துபோன நாவலுக்கு, அடுப்பில் மீன் கொதிக்கக் கொதிக்க, அம்மா தினம் ஒரு முடிவு சொல்வாளே, அந்த இடம். “தோய் பக்கத்தில் நின்று கேட்பேன்” என்று இருந்தது. ‘தோய்’ஐ அழித்துக் ‘கோன்’ என்று போட்டேன்.

அதற்குமேல் திரையில் எழுத்து தெரியவில்லை, அப்பா. அந்த வெளியாள் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கட்டுரையையே முடித்திருக்கிறேன்.

படையலுக்கு வராததற்கு வேலை என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நூறாம் நாளுக்கு வருகிறேன். கதவு தட்டுவது நான்தான் என்று தெரிந்தாலும், உள்ளேயிருந்து “யாரு?” என்று ஒருமுறை கேளுங்கள். வாய் திறந்து பதில் சொல்லவேண்டும்.

உங்கள்
கோன்