மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

என் அன்பு அப்பாவுக்கு, எங்கள் வீட்டு லோரிக்கார ராஜாவுக்கு,

உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. போட வேண்டிய சண்டையும் ஒன்று இருக்கிறது. முதலில் சண்டை. அதைப் போடாமல் செய்தியைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

நான் தாதிமைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, அவருடைய நோய் விவரங்களைக் கேட்டு, அச்சடித்த பாரத்தை நிரப்பிக் கொண்டு வரச் சொன்னார்கள். நான் உங்களைப் பிடித்தேன். பத்து பெரண்டாமில் நம் வீட்டு வாசலில், சட்டைகூடப் போடாமல், பெரிய நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"இனிப்பு நீர் வியாதி இருக்காப்பா?"

"இல்ல."

"ரத்தக் கொதிப்பு?"

"அதெல்லாம் கிழவனுங்களுக்கு வர்றது லா."

"நெஞ்சு வலி ஏதும்?"

"உங்கம்மா பேசுறப்ப மட்டும் வரும்."

அம்மா கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்தேன். அந்தப் பாரத்துக்கு நல்ல மார்க் வந்தது. நீங்களே அதை ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காலில் சப்பாத்துப் போடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்கள் கூட்டாளி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். லோரி சீட்டுக்கு அடியில் இருந்ததாம். திறந்தால் இனிப்பு நீர் மாத்திரை, கொதிப்பு மாத்திரை, பழைய கிளினிக் சீட்டுகள். "லைசென்ஸ் போயிடும்னு பயந்தாரும்மா. மக படிப்பு முடியட்டும், அப்புறம் வீட்ல சொல்றேன்னாரு," என்றார் அவர்.

இப்படிச் செய்யலாமா அப்பா? உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதைவிட அதிகக் கோபம் என் மேல்தான். பெற்ற அப்பாவின் நோயைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாதவள், ஊரில் இருக்கிறவர்களை என்ன பார்த்துக் கிழிக்கப் போகிறேன்? படிப்பை விட்டுவிடுகிறேன் என்று கல்லூரிக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதி, பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பாருங்கள், மறைக்கிற புத்தியும் உங்களிடமிருந்துதான் வந்திருக்கிறது.

கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. சுங்கை ரம்பாய்ப் பக்கம் தாழ்வான வீடுகளிலெல்லாம் தண்ணீர் புகுந்து, ஜனங்களைக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். உதவிக்கு யார் வருகிறீர்கள் என்று கல்லூரி மேடம் கேட்டதும் கை தூக்கினேன். கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, திரும்பி வந்து கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

அங்கே நான் செய்த முதல் மருத்துவச் சேவை என்ன தெரியுமா? கக்கூஸ் கழுவியது! "இங்க வயித்துப்போக்கு வராம இருந்தா அதுதான் பெரிய நர்சிங்," என்றார் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர், துடைப்பத்தைக் கையில் கொடுத்து. என்னோடு படிக்கும் ஐனாவும் நானும் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தேய்த்தோம். கல்லூரியில் கட்டில் இருக்கும், திரை இருக்கும், பொம்மை நோயாளி வாயே திறக்காமல் படுத்திருக்கும். இங்கே தரையில் மண்டியிட்டு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பார்த்தால் பத்துப் பேர் கையை நீட்டுகிறார்கள். "எனக்கும் பாரும்மா, சும்மாதானே இருக்கேன்," என்று ஓர் ஆண்டி மூன்று முறை வரிசையில் வந்தார். மூன்றாவது முறை, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

முனியாண்டி அங்கிளும் அவர் மனைவி பாக்கியம் ஆண்டியும் முதல் நாளே வந்துவிட்டார்கள். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மாற்றுத் துணிகூட எடுக்காமல், ஒரு முருகன் படத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருந்தார் அங்கிள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறாராம். அவருக்கும் நான்தான் பாரம் நிரப்பினேன். இனிப்பு நீர் இருக்கா? இல்ல. கொதிப்பு? இல்ல. மளமளவென்று குறித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். ஆமாம் அப்பா, அதே தப்பு, இரண்டாவது தடவை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மண்டபத்தில் நல்ல காற்று, எனக்கே குளிர்ந்தது. அங்கிளின் சட்டை மட்டும் தெப்பமாக நனைந்திருந்தது. "பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து, "லட்சுமி, பஸ் வந்துருச்சா?" என்றார். லட்சுமி அவர் தங்கையாம். கை நடுங்கியது.

"தூக்கம் பத்தலம்மா, வேற ஒன்னும் இல்ல," என்றார் ஆண்டி.

வேற ஒன்னும் இல்ல. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் டின் ஞாபகம் வந்தது. இனிப்பு நீர் இருக்கா என்று மறுபடியும் கேட்டால் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது. ஆண்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டி, அங்கிள் மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?"

ஆண்டியின் கண் முருகன் படத்துக்குப் போயிற்று.

படத்தைத் திருப்பினேன். பின்பக்க அட்டைக்குள் இனிப்பு நீர் மாத்திரை அட்டைகள், பத்திரமாக, ஒரு துளி ஈரம் படாமல்! காலையில் அங்கிள் ஒன்று போட்டிருக்கிறார். ஆனால் விரதம். ஒரே வேளைதான் சாப்பாடு, அதுவும் சைவம். மண்டபத்தில் வந்ததெல்லாம் கோழியும் மீனும். கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு, யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்லி, முந்தின நாளிலிருந்து வெறும் தண்ணீரோடு இருந்திருக்கிறார். நோய் இல்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "மாத்திர போட்டா சரியாத்தானே இருக்கு. அப்புறம் எங்க வியாதி?" என்றார். உங்கள் கட்சி ஆள்தான்.

சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன். "விரல்ல குத்திப் பாரு, நான் நிக்கிறேன்," என்றார். கல்லூரியில் எத்தனை முறை செய்தது! ஆனாலும் இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. சர்க்கரை அளவு அடிமட்டத்தில் இருந்தது. அவரால் இன்னும் விழுங்க முடிந்ததால், ஐனா ஓடிப்போய் சீனியை அள்ளிப் போட்டுத் தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். மடக்கு மடக்காகக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்தால், ஏறியிருந்தது.

அங்கிள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரும்மா நீ? இவ்வளவு சீனியா போடுவாங்க?"

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான் அப்பா. ஆண்டியும் அழுதார். சமையல் செய்துகொண்டிருந்த மலாய்க்கார மாச்சிக் விஷயம் தெரிந்ததும், தனிச் சட்டியில் கீரையும் சோயா தெம்பேயும் வதக்கிச் சோற்றோடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கிள் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்து, விரத நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். காவடி நிற்கவில்லை.

"எல்லாரையும் மறுபடியும் கேளு. உன் கேள்வியக் கேளு," என்றார் சிஸ்டர். நான் தமிழில் கேட்டேன், ஐனா மலாயில் கேட்டாள். வியாதி இருக்கா என்று இல்லை. மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. அம்மாடி! தலையணை உறைக்குள்ளிருந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்தெல்லாம் மாத்திரைகள் வெளியே வந்தன. எனக்குக் கல்யாணம் விசாரித்த ஆண்டி, "அலமாரியில வச்சிருந்தேன், தண்ணியோட போச்சு," என்று அழுதார். அவருக்கு இன்சுலின். இரண்டு நாளாகப் போடவில்லை. அதனால்தான் மூன்று முறை வரிசையில் வந்திருக்கிறார், சொல்ல வாய் வராமல்.

மாத்திரை இழந்தவர்களின் பெயரை எழுதக் காகிதம் தேடினேன். பையில் படிப்பை விடுகிறேன் என்று எழுதிய அந்த ஒரு தாள்தான் இருந்தது. அதன் பின்பக்கம் முழுக்க எழுதி, அன்றைக்கே மருந்து எடுத்துவர சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நின்று நிதானமாகப் படித்தார்.

"பின்பக்கம் நல்லா எழுதியிருக்க," என்றார். "முன்பக்கம் எனக்குத் தெரியல. கண்ணாடி போடல."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. தாளை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதுதான் அப்பா நல்ல செய்தி, நான் படிப்பை விடவில்லை. ஆனால் கதை இதோடு முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அம்மா தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "பரவாயில்லையே, உங்கப்பா மாதிரியே இருந்திருக்காரே அந்த மனுஷன்," என்று சிரித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, சும்மா கேட்டேன்.

"ம்மா, நீங்க மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. கண் அரிசி டின்னுக்குப் போயிற்று.

கொதிப்பு மாத்திரை அப்பா. ஆறு மாதமாக. தெரிந்தால் நான் படிப்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். தோசை கருகிப்போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது, உங்களைத் திட்டி, பிறகு கருகிய தோசையையே பிய்த்துச் சாப்பிட்டோம்.

ஐஸ் பெட்டிக் கதவில் இருந்த உங்கள் பாரத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அம்மாவின் பாரம் இருக்கிறது. 'ஆம்' என்ற கட்டத்தில் குறித்து, மாத்திரை நேரமும் எழுதி வைத்திருக்கிறேன். அது தினமும் சரியாக நடக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் காப்பாற்ற நினைத்த படிப்பையும் முடித்துக் காட்டுகிறேன். இது சத்தியம்.

உங்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்காமல் விட்ட,
உங்கள் மகள்
கவிதா